ஒருமுறை காசு, பலமுறை படம்: ராயல்டி-ஃப்ரீ படங்களைப் பயன்படுத்துவது

சென்னைப் புத்தகக் கண்காட்சியில் ஒரு வருடம் எங்கள் கடைக்கு வந்த வாசகர் ஒருவர், கையிலிருந்த துணிப்பையைத் திறந்து இரண்டு புத்தகங்களை மேசைமேல் வைத்தார். ஒன்று நான் அட்டை வடிவமைத்த சிறுகதைத் தொகுப்பு. இன்னொன்று நான்கு கடை தள்ளி அவர் வாங்கிய சுயமுன்னேற்ற நூல். இரண்டின் அட்டையிலும் அதே ஒற்றைப் பனைமரம், அதே செம்மண் பாதை, அதே மேகம். “யாரு சார் யாரைப் பார்த்து எடுத்தீங்க?” என்று கேட்டார். யாரும் யாரையும் பார்த்து எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே தளத்தில் காசு கொடுத்து வாங்கியிருந்தோம். அதை அவருக்குப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது. அன்று சொல்லி முடிக்காததை இந்த அத்தியாயத்தில் சொல்கிறேன்.

பாஸும் டிக்கெட்டும்

‘ராயல்டி-ஃப்ரீ’ என்றதும் நம் ஆட்கள் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். “ஃப்ரீதானே சார், அப்புறம் எதுக்குக் காசு?” என்று கேட்காத பதிப்பாளரை நான் பார்த்ததில்லை. ராயல்டி என்னவென்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. எழுத்தாளருக்குப் பிரதிக்கு இத்தனை சதவீதம் என்று கொடுக்கிறார்களே, அதேதான். புத்தகம் விற்க விற்கக் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டிய பங்கு. படத்துக்கு அப்படிப் பயன்பாட்டுக்குப் பயன்பாடு கணக்குப் பார்க்க வேண்டியதில்லை, ஒருமுறை உரிமத் தொகை கட்டினால் போதும் என்பதுதான் ராயல்டி-ஃப்ரீ. காப்புரிமை படம் எடுத்தவரிடமே இருக்கிறது.

மாநகரப் பேருந்தின் 1000 ரூபாய் மாதப் பாஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் சீட்டு வாங்க வேண்டாம், எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். ஆனால் பேருந்து உங்களுடையது ஆகிவிடாது. பக்கத்து இருக்கையில் வேறொருவர் உட்காருவார், அவரும் பாஸ்தான் வைத்திருப்பார். உங்கள் பாஸை மைத்துனரிடம் கொடுத்து அனுப்ப முடியாது. ஏசி பஸ்ஸில் அது செல்லாது. இந்த அத்தியாயத்தில் வரப்போகும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த நான்கில் அடங்கிவிடும்.

முன்பெல்லாம் சீட்டு முறைதான் வழக்கம். படம் அட்டையிலா உள்ளேயா, எத்தனை அங்குலம், எத்தனை பிரதி, எந்தெந்த நாட்டில் விற்பனை, எத்தனை மாதம் என்று எல்லாம் சொன்ன பிறகு விலை சொல்வார்கள். இதற்கு ‘ரைட்ஸ் மேனேஜ்டு’ என்று பெயர். விலை அதிகம். ஆனால் யார் எங்கே பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு நிறுவனத்திடம் இருக்கும். ‘உங்கள் போட்டியாளருக்கு இந்த வருடம் இதை விற்க மாட்டோம்’ என்று அவர்களால் வாக்குக் கொடுக்க முடிந்தது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஃபோட்டோடிஸ்க் என்ற நிறுவனம் படங்களைக் குறுந்தகட்டில் போட்டு, ‘தகட்டை வாங்கு, இஷ்டப்படி பயன்படுத்து’ என்று விற்கத் தொடங்கியது. 2000இல் கனடாவின் கால்கரியில் புரூஸ் லிவிங்ஸ்டோன் தொடங்கிய ஐஸ்டாக்ஃபோட்டோ, முதலில் வடிவமைப்பாளர்கள் தங்களுக்குள் படம் மாற்றிக்கொள்ளும் இடமாக இருந்து, பிறகு சில்லறைக் காசுக்கு விற்கும் கடையானது. 2003இல் ஜான் ஓரிங்கர் தான் எடுத்த சுமார் 30,000 படங்களோடு ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கி மாதச் சந்தா முறையைக் கொண்டுவந்தார். பழைய பெருங்கடையான கெட்டி இமேஜஸ் 2006இல் ஐஸ்டாக்கை 5 கோடி டாலருக்கு வாங்கியது. 2020இல், செய்திப் படங்கள் தவிர்த்த மற்றவற்றில் சீட்டு முறையையே கைவிட்டது. இன்று நீங்கள் ஒரு தளத்துக்குள் நுழைந்தால் கண்ணில் படுவது அநேகமாகப் பாஸ் மட்டும்தான்.

பெயரில் ‘ராயல்டி இல்லை’ என்று இருந்தாலும் படம் எடுத்தவருக்கு ராயல்டி போகிறது என்பது இதில் ஒரு வேடிக்கை. நீங்கள் கட்டும் தொகையில் ஒரு பங்கைத் தளம் அவருக்குக் கொடுக்கிறது. அடோபி ஸ்டாக் புகைப்படங்களுக்கு 33 சதவீதம் தருகிறது. ஷட்டர்ஸ்டாக் 2020 முதல் 15இல் தொடங்கி 40 வரை ஏறும் படிக்கட்டு முறையை வைத்தது. ஆனால் ஒவ்வொரு ஜனவரியிலும் எல்லோரும் முதல் படிக்கே இறக்கப்படுவார்கள். படம் எடுப்பவர்கள் இதைக் கண்டித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

பக்கத்து இருக்கைக்காரர்

பனைமர அட்டைக்காக நான் பட்ட வெட்கம் சின்னது. 2004இல் அமெரிக்காவில் கல்லூரி திறக்கும் பருவத்தில் டெல், கேட்வே என்ற இரண்டு கணினி நிறுவனங்கள் வெளியிட்ட விளம்பரங்களில் ஒரே மாணவி சிரித்துக்கொண்டிருந்தார். பலருக்கும் விற்கவென்று 1996இல் எடுத்து வைத்த ‘ஸ்டாக்’ படங்களில் இருந்தவர் அவர். நேரடிப் போட்டியாளர்கள் இருவரும் அதே பெண்ணை வைத்து அதே மாணவர்களிடம் கணினி விற்கப் பார்த்தார்கள். இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை.

உங்களுக்கு மட்டுமே வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு, செலவுதான் வேறு. விண்டோஸ் எக்ஸ்பியைத் திறந்ததும் தெரியுமே, பச்சைக் குன்றும் நீல வானமும், அது சார்லஸ் ஓ’ரியர் 1996இல் கலிபோர்னியாவில் எடுத்த படம். கார்பிஸ் என்ற படக் களஞ்சியத்தில் கிடந்த அதன் முழு உரிமையையும் 2000இல் மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கியது. தொகையை வெளியே சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம்.

நம் அளவில் செய்யக்கூடியது இதுதான். தேடலில் முதல் பக்கத்தில் வரும் படத்தை அட்டைக்கு எடுக்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். எட்டாவது, பத்தாவது பக்கம் வரை போங்கள். எடுத்ததையும் வெட்டி, நிறம் மாற்றி, ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கிப் பயன்படுத்துங்கள். ராயல்டி-ஃப்ரீ உரிமங்கள் இதையெல்லாம் அனுமதிக்கின்றன. எடுத்த படத்தைக் கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ போட்டுத் தேடினால் ஏற்கெனவே யார் யார் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று ஓரளவு தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. நான் பனைமரத்துக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

சாதாரண உரிமம், கூடுதல் உரிமம்

பெரிய தளங்களின் சாதாரண உரிமத்தில் புத்தக அட்டை, பத்திரிகைப் பக்கம், துண்டறிக்கை, விளம்பரம், இணையதளம் எல்லாம் அடங்கும். அச்சுக்கு 5 லட்சம் பிரதி என்ற உச்சவரம்பு ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக், ஐஸ்டாக் மூன்றிலும் உண்டு. இதைப் படித்துவிட்டுப் பயந்துபோய் என்னைத் தொலைபேசியில் அழைத்த ஒரு பதிப்பாளர் அப்போது 300 பிரதி போட இருந்தார். தமிழில் 5 லட்சம் பிரதி விற்கும் நாள் உங்களுக்கு வந்தால் கூடுதல் உரிமத்தின் விலை ஒரு பொருட்டாகவே இருக்காது.

நாம் சறுக்குவது பிரதிக் கணக்கில் இல்லை, பொருளில். படம் புத்தகத்துக்கு அழகு சேர்க்கிறதா, இல்லை படத்துக்காகவே அந்தப் பொருளை வாங்குகிறார்களா என்று தளம் பார்க்கும். டி-சர்ட், காபிக் கோப்பை, வாழ்த்து அட்டை, சுவரொட்டி, காலண்டர் போன்றவற்றில் படம்தான் சரக்கு. அவற்றுக்குக் கூடுதல் உரிமம் வேண்டும். ஏசி பஸ் இங்கேதான் வருகிறது. சிவகாசியில் காலண்டர் அடித்துத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கடைகளில் சும்மா கொடுப்பது நம் ஊர் வழக்கம். ‘விற்கவே இல்லையே, இலவசமாகத்தானே கொடுக்கிறோம்’ என்ற வாதம் எல்லா இடத்திலும் எடுபடாது. ஷட்டர்ஸ்டாக்கின் உரிமத்தில், விளம்பரத்துக்காக இலவசமாகக் கொடுக்கும் பொருளும் விற்கும் பொருளோடு சேர்த்தே எண்ணப்படுகிறது. நகைக்கடையோ மளிகைக்கடையோ ஆர்டர் கொடுத்தால், கூடுதல் உரிமத்தின் விலையை மதிப்பீட்டிலேயே சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கல்யாணப் பத்திரிகை மாதிரிகளை வடிவமைத்து, ‘பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று விற்பவர்களுக்கும் இதேதான். அந்தக் கோப்புக்குள் இருக்கும் பூவும் மயிலும் வாங்கிய படங்கள் என்றால், அவற்றை நீங்கள் மறுவிற்பனை செய்கிறீர்கள்.

லோகோவில் ஸ்டாக் படம் எந்த உரிமத்திலும் ஆகாது. லோகோ என்பது உங்களுடையது மட்டும் என்று உரிமை கொண்டாடுகிற ஒன்று. ஆயிரம் பேரிடம் பாஸ் இருக்கும் படத்தை வைத்து அப்படிக் கொண்டாட முடியாது. புதிதாகப் பதிப்பகம் தொடங்குபவர்கள், முதல் செலவை மிச்சம் பிடிப்பதாக நினைத்து, இறகுப் பேனாவும் விரித்த புத்தகமும் கொண்ட ஸ்டாக் சித்திரத்தைச் சின்னமாக்கிக்கொள்கிறார்கள். பத்து வருடம் கழித்து அதை வணிக முத்திரையாகப் பதிவுசெய்யப் போகும்போது சிக்கல் தெரியும்.

“ஓப்பன் ஃபைல் கொடுங்க” என்று வாடிக்கையாளர் கேட்பார். கொடுக்கலாம், ஆனால் அந்த வேலைக்காக மட்டும். உள்ளே இருக்கும் படத்தைத் தனியே எடுத்து அவர் அடுத்த வேலைக்குப் பயன்படுத்தினால் அது உங்கள் பாஸில் அவர் பயணம் செய்வது. அச்சகத்துக்கு அனுப்புவதில் தவறில்லை. ஒரே கணக்கின் கடவுச்சொல்லை நான்கு டிடிபி கடைகள் பங்குபோட்டுக்கொள்வது பரவலாக நடக்கிறது. ஒருவருக்கு விற்ற பாஸில் நான்கு பேர் போவதற்கு எந்தத் தளமும் அனுமதி தருவதில்லை. எனவே அப்படி இறக்கிய படத்துக்கு அந்த நான்கு பேரில் மூவரிடம் உரிமமே இல்லை.

படத்தில் இருக்கும் ஆள்

காப்புரிமை படம் எடுத்தவருடையது. முகம் அதில் நிற்பவருடையது. இரண்டுக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். முகத்துக்கானதை மாடல் ரிலீஸ் என்கிறார்கள். படத்தில் உள்ளவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் ஒப்புதல் கடிதம். அது இருக்கிறதா என்று படத்தின் பக்கத்திலேயே குறிப்பிட்டிருப்பார்கள். இல்லாத படங்களை ‘எடிட்டோரியல் மட்டும்’ என்று தனியே பிரித்திருப்பார்கள். ஊர்வலம், கிரிக்கெட் ஆட்டம், நடிகர், அமைச்சர், கடைப் பெயர்ப் பலகை தெரியும் தெரு எல்லாம் இதில் வரும். செய்திக்கும் கட்டுரைக்கும் பயன்படுத்தலாம், பொருள் விற்கக் கூடாது. புத்தக அட்டை எல்லைக்கோட்டில் நிற்கிறது. தளத்துக்குத் தளம் விதி மாறும். வாங்கும் முன் எழுதிக் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒப்புதல் கடிதம் இல்லாத படத்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கில் நடந்ததைச் சொல்லலாம். 2013இல் அந்த மாநிலத்தின் மனித உரிமைத் துறை, எச்ஐவி உள்ளவர்களின் உரிமைகளைப் பற்றி ஒரு விளம்பரம் வெளியிட்டது. நோக்கம் நல்லது. படத்தில் இருந்த பெண், தனக்கு எச்ஐவி இருப்பதாகச் சொல்வதுபோல் வாசகம். அவருக்கு அந்த நோய் இல்லை. அவரிடம் முறையான ஒப்புதல் கடிதமும் வாங்கியிருக்கவில்லை. அந்தப் பெண் படத்தை விற்ற நிறுவனத்தின் மேலும் அரசின் மேலும் வழக்குத் தொடுத்தார்.

கடிதம் இருந்தாலும்கூட, நோய், கடன், போதை, குற்றம், விவாகரத்து, பாலியல், அரசியல், மதம் என்று வரும்போது உரிமங்கள் கூடுதல் கட்டுப்பாடு வைக்கின்றன. படத்தில் உள்ளவருக்கு அந்த நிலைமை இருப்பதாகப் பார்ப்பவர் நம்பும்படி பயன்படுத்தக் கூடாது. சில தளங்களில், ‘படத்தில் இருப்பவர் மாடல்’ என்று கீழே ஒரு வரி போட்டால் அனுமதி உண்டு. இதில் நம் பத்திரிகைகளின் பழக்கம் மோசமானது என்றே சொல்வேன். கள்ளக்காதல் செய்திக்கும் வரதட்சணைக் கொடுமைக் கட்டுரைக்கும் எங்கோ யாரோ சிரித்துக்கொண்டோ அழுதுகொண்டோ நின்ற பெண்ணின் படத்தை எடுத்துப் போடுகிறார்கள். மூல நோய் மருத்துவமனையின் ஃப்ளெக்ஸில் இருக்கும் அந்த வெளிநாட்டுக்காரருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்? தெரியாது என்ற தைரியம்தான். முகம் தெரியாத படம், கை மட்டும், நிழல் மட்டும், முதுகு காட்டி நிற்பவர் என்று தேடுங்கள். படமும் பெரும்பாலும் அதில்தான் நன்றாக அமைகிறது.

கட்டடங்களுக்கும் உரிமையாளர் உண்டு. பாரிஸின் ஈஃபில் கோபுரத்தைப் பகலில் எடுத்த படம் பிரச்சினை இல்லை. இரவில் அதன் விளக்கு அலங்காரம் தனியான கலைப்படைப்பு. வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி வேண்டும். மும்பையின் தாஜ்மகால் பேலஸ் ஓட்டல் 2017இல் தன் கட்டடத்தின் தோற்றத்தையே வணிக முத்திரையாகப் பதிவுசெய்துகொண்டது.

படத்தின் ஓரங்களையும் பாருங்கள். 2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்காகத் தமிழ் நாளிதழ்களில் வந்த ஒரு விளம்பரத்தில், ராக்கெட்டின் மேல் சீனக் கொடி இருந்தது. வடிவமைத்தவரின் தவறு என்று விளக்கம் சொன்னார்கள். சின்னதாக்கிப் பார்த்தே படத்தைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. 200 சதவீதம் பெரிதாக்கி ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தபின் வாங்குங்கள்.

காசில்லாமல் கிடைப்பவை

அன்ஸ்பிளாஷ், பெக்ஸல்ஸ், பிக்ஸாபே மூன்றும் காசு கேட்பதில்லை, பெயர் போடவும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனாலும் உரிமம் உண்டு. அன்ஸ்பிளாஷ் 2017இலும் பிக்ஸாபே 2019இலும், ‘எந்த நிபந்தனையும் இல்லை’ என்ற பொதுவுரிமையிலிருந்து விலகிச் சொந்த உரிமம் எழுதிக்கொண்டன. மாற்றம் செய்யாத படத்தைச் சுவரொட்டியாகவோ அச்சுப் படமாகவோ விற்கக் கூடாது என்பது அதில் ஒன்று. காலண்டர் ஆசைக்கு இங்கேயும் தடைதான். இன்னொரு குறை முக்கியமானது. மாடல் ரிலீஸ் இருக்கிறது என்று இந்தத் தளங்கள் உத்தரவாதம் தருவதில்லை. யாரோ இன்னொருவர் எடுத்த படத்தைத் தன்னுடையதாக ஏற்றிவிடுபவர்களும் இருக்கிறார்கள். முகம் இருக்கும் படத்தை விளம்பரத்துக்கு எடுக்க இவை ஏற்ற இடம் இல்லை. வானம், சுவர், மரக்கட்டையின் ரேகை என்றால் தாராளமாக எடுக்கலாம்.

விக்கிமீடியா காமன்ஸில் நம் ஊர்க் கோயில்களும் தலைவர்களும் பறவைகளும் நிறைய. அங்கே பெரும்பாலானவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கும். படம் எடுத்தவர் பெயரும் உரிமத்தின் பெயரும் போட வேண்டும். ‘நன்றி: விக்கிபீடியா’ என்று போடுவது பெயர் போட்டதாகாது. ‘ஷேர் அலைக்’ என்று இருந்தால், படத்தை மாற்றி நீங்கள் உருவாக்கியதையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும்.

கூகுளில் கிடைப்பது பற்றி ஒரே வரி. கூகுள் கடையில்லை, கடைத்தெருவைக் காட்டும் பலகை. 2010இல் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது டேனியல் மொரெல் எடுத்து ட்விட்டரில் போட்ட படங்களை ஏஎஃப்பி செய்தி நிறுவனமும் கெட்டியும் அனுமதியில்லாமல் பயன்படுத்தின. 2013இல் நியூயார்க் நடுவர் குழு அவருக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. பொதுவில் கிடக்கிறது என்பதால் பொதுச்சொத்தாகிவிடாது என்று பெரிய நிறுவனங்களே அப்படித்தான் கற்றுக்கொண்டன.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கேரல் ஹைஸ்மித் தன் படங்களை யாரும் பயன்படுத்தலாம் என்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். பிறகு ஒருநாள், அவர் எடுத்த படத்தையே தன் தளத்தில் போட்டதற்காக 120 டாலர் கட்டச் சொல்லி, படம் விற்கும் நிறுவனத்தின் சார்பில் அவருக்கே கடிதம் வந்தது. 2016இல் அவர் வழக்குப் போட்டார். பொதுவுரிமைப் படத்தை யாரும் விற்கலாம் என்பதால் காப்புரிமை வாதம் நிற்கவில்லை. காசு கேட்டுக் கடிதம் வந்தாலே தவறு செய்துவிட்டோம் என்று பதற வேண்டாம். படத்தின் மூலத்தை முதலில் தேடுங்கள்.

நம் சட்டம்

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டுடையது. 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும், எடுத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு. தெரிந்தே மீறினால் 63ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. உரிமைத் தகவலை வேண்டுமென்றே அழிப்பது 65பி பிரிவில் தனிக் குற்றம். வாட்டர்மார்க்கை அழித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நினைவில் வையுங்கள்.

எல்லோரும் மறந்துவிடும் பிரிவு 17. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். இந்தப் பிரிவை வைத்தே ஒரு யோசனை சொல்கிறேன். தளங்களில் ‘தமிழ்’ என்று தேடிப் பாருங்கள். பட்டுப்புடவை மணமகள், பரதநாட்டிய முத்திரை, வாழையிலைச் சாப்பாடு. வேட்டி கட்டத் தெரியாமல் கட்டிய மாடல்கள். திண்டுக்கல்லில் நடக்கும் நாவலுக்கு இதிலிருந்து அட்டை எடுக்க முடியாது. ஊரில் நன்றாகப் படம் எடுக்கும் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ உரிய தொகை கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். உரிமையை எழுத்தில் வாங்குங்கள், உள்பக்கத்தில் பெயர் போடுங்கள். அந்தப் படம் நான்கு கடை தள்ளி இன்னொரு அட்டையில் வராது.

வாங்கும் ஒவ்வொரு படத்துக்கும் ரசீதையும், வாங்கிய நாளில் இருந்த உரிமப் பக்கத்தின் நகலையும், படத்தின் எண்ணையும் அந்தப் புத்தகத்தின் ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள். தளங்கள் கைமாறும், உரிமம் திருத்தி எழுதப்படும், படம் எடுத்தவர் தன் படத்தை நீக்கிவிடுவார். அந்தப் பனைமரம் நான் 2011இல் வாங்கியது. இப்போது அந்தத் தளத்தில் அது இல்லை. போன வருடம் எங்கிருந்தோ ஒரு மின்னஞ்சல் அந்தப் படத்துக்கு ஆதாரம் கேட்டு வந்தது. ரசீதை அனுப்பினேன், பதில் வரவில்லை.